ஆச்சியோட செபமாலையில எங்க பேரு

வணக்கம் நேயர்களே. எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்கன்னு வானொலி நிலையத்துல சொன்னாங்க, எனக்கு எங்க ஆச்சியைத் தவிர வேற எதுவும் மனசுல வரல. தூத்துக்குடியில 1929ல பொறந்தவங்க, 2023 நவம்பர்ல தொண்ணூத்தி நாலு வயசுல போய்ச் சேர்ந்தாங்க. ஏழு புள்ளைங்க, பேரன் பேத்தி, அதுங்களோட புள்ளைங்கன்னு பெரிய குடும்பம், மஸ்கட்டு மும்பை சென்னைன்னு ஆளுக்கொரு பக்கம் கெடக்கோம், ஆனாலும் யாருக்கு என்ன கஷ்டம், யாரு எந்த பரீட்சை எழுதுறான்னு அத்தனை பேருக்கும் தெரியும்னா அது ஆச்சியோட செபமாலையாலதான்.

பனிமய மாதா கோயிலுக்கு நடந்து போற தூரத்துல வீடு. அந்தக் கோயில் 1713ல கட்டுனது, மாதா சுரூபம், அதாவது சிலை, அதுக்கும் முன்னாடியே 1555ல மணிலாவுல இருந்து கப்பல்ல வந்ததுன்னு சொல்லுவாங்க, 1982ல போப் தர்ற பசிலிக்காங்கிற சிறப்புப் பட்டம் கெடச்சுச்சு. இதெல்லாம் நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, ஆச்சிக்கு அது "நம்ம அம்மா வீடு", அவ்வளவுதான். ஜூலை 26 கொடியேத்தம்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிருவாங்க, ஆகஸ்ட் 5 திருநாளைக்கு எவன் வரலன்னாலும் போன்ல கெடைக்கிற ஏச்சு இருக்கே, அது ஒரு வருசத்துக்குத் தாங்கும்.

தாத்தா தோணியில தண்டலா, அதாவது தோணிக்குத் தலைவரா இருந்தாங்க, கொழும்புக்கு சரக்கு ஏத்திட்டுப் போற பாய்மரத் தோணி. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்ச அந்தப் புயல் அடிச்சப்ப தாத்தா ஊர்ல இல்ல, தோணி கொழும்புல இருக்கா கடல்ல இருக்கான்னே தெரியல, தகவல் கேக்க வழியும் இல்ல. தெருவுல ஒப்பாரி ஆரம்பிச்சிருச்சாம். ஆச்சி மட்டும் தினமும் தாத்தாவுக்கும் சேர்த்து உலை வச்சிருக்காங்க, ராத்திரி அந்தச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சு காலையில புள்ளைங்களுக்குக் குடுத்திருக்காங்க, பயந்தீங்களா ஆச்சின்னு நான் ஒரு தடவ கேட்டேன், "பயப்படாம என்னல, கையி கெடந்து நடுங்குச்சு, செபமாலையப் பிடிச்சா மணிய எண்ணணும்லா, அந்த நேரம் வரைக்கும் நடுக்கம் நிக்கும்"னு சொன்னாங்க. கிறிஸ்துமஸ் கழிச்சு தந்தி வந்துச்சு, தோணி கொழும்புத் துறைமுகத்துலேயே நின்னுருக்கு. ஆனா அதுக்குப் பிறகு சில வருசத்துலேயே தாத்தா மஞ்சக்காமாலையில போயிட்டாங்க, கடைசி அத்தைக்கு அப்ப ரெண்டு வயசு. தையல் மிஷின் ஒண்ணை வச்சுக்கிட்டு ஏழையும் கரையேத்துனவங்க ஆச்சி. பாவாடை சட்டை, பள்ளிக்கூட யூனிபார்ம், புள்ளைங்க முத தடவ நற்கருணை அப்பம் வாங்குற புதுநன்மைக்கு வெள்ளை கவுன், எல்லாம் தச்சாங்க, கோயில் பீடத்துணி தைக்க மட்டும் கடைசி வரைக்கும் கூலி வாங்குனதில்ல.

அவங்க பக்தியைப் பத்தி சொல்லணும். சின்ன வயசுல பூசை லத்தீன்ல கேட்டவங்க, அர்த்தம் தெரியாமலேயே பதில் முழுசும் மனப்பாடம். அறுபதுகள்ல ரோமுல ஆயர்கள் கூடுன வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு மாறுனப்ப தெருவுல நெறைய பெரியவங்களுக்கு வருத்தம், ஆச்சிக்கு சந்தோசம், "இப்பந்தான் சாமியாரு என்ன சொல்லுதாருன்னு வெளங்குது"ன்னாங்களாம். 2002ல போப் இரண்டாம் ஜான் பால் செபமாலை சொல்றப்ப நெனச்சுப் பாக்குற இயேசு வாழ்க்கை நிகழ்ச்சிகள்ல, ஒளியின் மறையுண்மைகள்னு புதுசா அஞ்சு சேர்த்தாரு இல்லையா, அப்ப ஆச்சிக்கு எழுபத்தி மூணு வயசு, என் தங்கச்சியை விட்டு கொட்டை எழுத்துல எழுதச் சொல்லி காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டி ஒரே வாரத்துல பாடம் பண்ணிட்டாங்க. வியாழக்கிழமை அந்தப் புதுசைத்தான் சொல்லணும், நாங்க யாராச்சும் மறந்து பழையதை ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கிட்டே திருத்துவாங்க.

அந்த செபமாலையை நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன். கருப்பு மணி, பல இடத்துல கம்பி அறுந்து வலை பின்னுற நைலான் நூலால கட்டியிருக்கும், வெரல் பட்டுப் பட்டு சில மணி தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கும். ஒரு செபமாலைக்கு மாதாவை நோக்கிச் சொல்ற அருள் நிறை மந்திரம் அம்பத்தி மூணு. ஆச்சிக்கு ஒரு மணிக்கு ஒரு ஆளு. மூத்த மகனுக்கு முத மணி, அப்புறம் மருமக, அவங்க புள்ளைங்க, இப்படி வரிசையா போகும், குடும்பம் பெருத்தப்ப ஒரு மணிக்கு ரெண்டு பேரை வச்சாங்க. பேரைச் சொல்லி, அவனுக்கு என்ன வேணுமோ அதையும் சொல்லித்தான் மந்திரம் தொடங்கும், அதனாலதான் தெனம் ராத்திரி எங்க எல்லாரோட சங்கதியும் வீட்டுல எல்லார் காதுலயும் விழுந்துரும். எனக்கு வேலை போனதை நான் யாருட்டயும் சொல்லல, அம்மா ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிருக்காங்க, மறுநாளே மும்பையில இருந்து சித்தப்பா போன் பண்ணுறாரு, பணம் வேணுமான்னு.

ரெண்டாவது அத்தை ஒரு இந்துப் பையனைக் கல்யாணம் பண்ணுனாங்க. ஆச்சி அதை ஏத்துக்கல, ரொம்ப நாளு பேச்சு இல்ல, அந்த விசயத்துல அவங்க கடுமையா இருந்தாங்க, அது அத்தைக்கு எவ்வளவு வலிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும், அதை மறைச்சுட்டு ஆச்சியைப் புகழ எனக்கு மனசில்ல. ஆனா பேச்சு இல்லாத அந்தக் காலத்துலயும் அத்தைக்குரிய மணியில அத்தை பேரு வந்துச்சு, ஒரு நாள் ராத்திரி கூடவே மாமா பேரும் வந்துச்சு. அம்மா அன்னைக்கு ராத்திரியே அத்தைக்கு லெட்டர் எழுதிட்டாங்க. அந்த வருசத் திருநாளைக்கு மாமா மல்லிப்பூ மாலையோட வந்து நின்னாரு, ஆச்சி வாங்கி அவங்க கையாலயே மாதாவுக்குப் போடக் குடுத்தாங்க. அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆச்சியைத் தூக்கிட்டு அலைஞ்சது பெத்த புள்ளைங்கள விட அந்த மாமாதான் அதிகம்.

ரேடியோவுல பேசுறப்ப இதைச் சொல்லாம விட்டா ஆச்சி மன்னிக்க மாட்டாங்க. மணிலாவுல இருந்து அப்ப வந்துக்கிட்டிருந்த கத்தோலிக்க வெரித்தாஸ் வானொலியோட தமிழ் நிகழ்ச்சி, சார்ட்வேவ்ல கரகரன்னு கேக்கும், ஏரியல் கம்பியை ஜன்னல்ல கட்டி வச்சு காதை ஒட்டி உக்காந்துருப்பாங்க. "அம்மா வந்த ஊர்லேருந்து பேசுதாங்க"ன்னு பெருமை வேற. 2020ல கொரோனாவுக்கு கோயிலைப் பூட்டுனப்ப மாதா டிவியில பூசை பாத்தாங்க, டிவிதானேன்னு சாஞ்சு உக்கார மாட்டாங்க, முக்காடு போட்டு எழுந்து நிப்பாங்க. பூசையில நன்மை, அதான் நற்கருணை, வாங்க முடியலையேன்னு அந்த வருசம் அவங்க அழுத மாதிரி தாத்தா செத்தப்பகூட அழுததில்லன்னு அம்மா சொல்றாங்க.

2023 திருநாளைக்கு ஓடுன மாதா தங்கத்தேரை வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து டிவியில பாத்தாங்க, தேரு சத்தம் ரெண்டு பக்கத்துலயும் கேட்டுச்சு. மூணு மாசத்துல, சாகப்போறவங்களுக்கு சாமியாரு எண்ணெய் பூசி செபிக்கிற அவஸ்தை பூசி, எல்லாரும் சுத்தி நிக்க, போயிட்டாங்க.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்துல தள்ளுவண்டி காய்கறிக்காரர் ஒருத்தர், "எம் மக நர்சிங் படிக்கா, ஆச்சி தெனமும் அவளுக்கு வேண்டிக்கிட்டாங்க, இனி யாரு வேண்டுவா"ன்னு கேட்டாரு. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு உக்காந்து ஆளுக்குப் பத்து மணின்னு பிரிச்சுக்கிட்டோம், அந்த நர்சிங் பொண்ணு என் பங்குல இருக்கா. சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் வாட்ஸ்அப் கால்ல சேர்ந்து சொல்றோம், கடைசி அத்தைதான் பேரு வாசிக்கிறாங்க, போன வாரம் மஸ்கட்டுல இருந்து அண்ணன் மகன் அவன் கிளாஸ் பையன் ஒருத்தனுக்கு ஆபரேஷன், அவன் பேரையும் சேருங்கன்னு கேட்டான். சேர்த்துட்டோம்.

நன்றி, வணக்கம்.