எந்த டேப்பில் இருந்து வந்தது?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு ராக் ஆல்பத்துக்கு 25 வயதானால் ஒரு மறுபதிப்புப் பெட்டி, 40 ஆனால் இன்னொரு பெட்டி, 50 ஆனால் தூக்கவே ஆள் தேவைப்படும் பெட்டி. எல்லாவற்றின் மேலும் ‘ரீமாஸ்டர்’, அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது, என்று ஒரு ஸ்டிக்கர். மூல டேப்பைத் தேடியெடுத்து மாதக்கணக்கில் உழைத்தவரும் அதைத்தான் ஒட்டுகிறார். கையில் இருந்த பழைய டிஜிட்டல் கோப்பில் சத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டவரும் அதைத்தான் ஒட்டுகிறார். ஆகவே புதுப் பதிப்பு ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த டேப்பில் இருந்து வந்தது? மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

அந்தக் கால ஆல்பம் எப்படி உருவானது என்று பார்த்துவிடுவோம். கருவிகளும் குரல்களும் மல்டிட்ராக் டேப்பில் தனித்தனித் தடங்களாகப் பதிவாகும். முதலில் 4 தடம், பிறகு 8, 16, 24. அவற்றைக் கலந்து, பெரும்பாலும் கால் அங்குல டேப்பில், இடம் வலம் என்று இரண்டு தடமாக இறக்குவார்கள். அதுதான் மாஸ்டர். அதில் இருந்து இசைத்தட்டு வெட்டுவதற்கென்று ஒரு நகல் எடுப்பார்கள். ஊசி துள்ளக் கூடாது என்று ஆழமான பாஸை அதில் நடுவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். வெட்டும் தலை சூடேறக் கூடாது என்று உச்ச ஒலிகளைத் தணித்திருப்பார்கள். வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போனது பெரும்பாலும் அந்த நகலோ, நகலின் நகலோதான். ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் ஏறும். முதல் நகலிலேயே சுமார் 3 டெசிபல்.

1982இல் சி.டி. வந்தது. பழைய ஆல்பங்களை அவசர அவசரமாக அதில் ஏற்றியபோது, அலமாரியில் கைக்கு அகப்பட்ட டேப்பை எடுத்து ஓட்டியவர்கள் உண்டு. இசைத்தட்டுக்காகத் தணித்து வைத்த நகல் சி.டி.யில் ஏறியது, சி.டி. என்றாலே வறட்டு ஒலி என்று பெயர் கெட்டதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அதே காலத்தில், நல்ல மாஸ்டரைக் கைவேலை எதுவும் இல்லாமல் அப்படியே ஏற்றிய சி.டி.களும் வந்தன. அவற்றில் சிலவற்றை அதன் பின் வந்த எந்த ரீமாஸ்டரும் மிஞ்சவில்லை என்பது என் கருத்து. பழையதைத் தூக்கிப்போடும் முன் ஒருமுறை கேளுங்கள். கணினியில் ஏற்றிக் கேட்டால் கீச்சென்று இருக்கிறதா? அது பிரீ-எம்ஃபசிஸ் போட்ட சி.டி.யாக இருக்கலாம். தொடக்க காலத்தில் சிலவற்றில் உச்ச ஒலியை வேண்டுமென்றே ஏற்றி வைத்து, பிளேயர் அதை இறக்கிக்கொள்ளும்படி ஒரு குறி போட்டிருப்பார்கள். கணினி மென்பொருள் அந்தக் குறியைக் கவனிக்காமல் விட்டிருக்கும். குற்றம் டேப்பில் இல்லை.

சரி, அசல் மாஸ்டரே கிடைத்துவிட்டது. உடனே மெஷினில் மாட்டி ஓட்டலாமா? கூடாது. டேப் எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறதா, அது அசிடேட். ஊடுருவவில்லையா, பாலியெஸ்டர். அசிடேட் கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும். 70களின் நடுவில் இருந்து புழங்கிய ஆம்பெக்ஸ் 456 போன்ற பாலியெஸ்டர் டேப்புகளுக்கு வேறு வியாதி. காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கும். ஓட்டினால் கீச்சிடும்; டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அப்பும்; கடைசியில் மெஷினே நின்றுபோகும். அப்பியிருக்கிற அந்தப் பழுப்புதான் பாட்டு. அதை மறுபடி டேப்பில் ஒட்ட யாராலும் முடியாது.

இதற்கு வைத்தியம், டேப்பைச் சூட்டில் உலர்த்துவது. ‘பேக்கிங்’ என்பார்கள். கால் அங்குல டேப் என்றால் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம். 2 அங்குல மல்டிட்ராக் என்றால் இன்னும் வெகுநேரம். நடுவில் சுருளைத் திருப்பி வைக்க வேண்டும். முடிந்ததும் அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். சமையலறை ஓவன் இதற்கு ஆகாது. அதன் வெப்பம் ஏறி இறங்கும். ஆய்வுக்கூட இன்குபேட்டர் வேண்டும். உலர்த்திய டேப் சில வாரங்கள் தாங்கும். அதற்குள் டிஜிட்டலில் ஏற்றிவிட வேண்டும். அசிடேட்டை மட்டும் ஒருபோதும் சூடேற்றக் கூடாது, காய்ந்து நொறுங்கிவிடும். வியாதி எதுவென்று தெரியாமல் மருந்து கொடுத்தால் நோயாளி போய்விடுவார்.

அடுத்தது ஹெட்டைச் சீர்செய்வது. பல மாஸ்டர்களின் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று சோதனை ஒலிகள் இருக்கும். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் அடைத்துக்கொள்ளும் நீளம் வெறும் 38 மைக்ரான். ஹெட் இம்மியளவு சாய்ந்தாலும் இடத்துக்கும் வலத்துக்கும் நேரம் ஒத்துவராது. டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை புகைமூட்டம் போலாகும். இந்தச் சாய்வுக்குப் பெயர் அசிமத். மாஸ்டர் டேப் பல துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததாக இருந்தால் பாட்டுக்குப் பாட்டு அது மாறும். ஒரே திருகலில் வைத்து முழு ஆல்பத்தையும் ஓட்டிவிட்டு, மங்கலை ஈக்வலைசரால் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நேரப் பிசகை ஈக்வலைசரால் தீர்க்க முடியாது. மங்கலோடு காரமும் சேரும், அவ்வளவுதான்.

டேப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிப்பதும் இதில் பெரிய வேலை. ‘டால்பி ஏ’ என்று இருந்தால் அதே இரைச்சல் குறைப்பானை, அதே அளவில் வைத்து ஓட்ட வேண்டும். மறந்துவிட்டால் ஒலி பளிச்சென்று, இரைச்சலோடு வரும். கேட்பவர் அதை ‘தெளிவு’ என்று மெச்சக்கூடும். பதிவின்போது எந்த ஒலியை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்பதற்கு வளைவு என்ற வரையறை உண்டு; பதிவு அமெரிக்க ‘நாப்’ வளைவில் ஆனதா, ஐரோப்பிய வளைவில் ஆனதா என்பதும் அங்கேதான் தெரியும். மாற்றி ஓட்டினால் ஆல்பம் முழுக்கச் சாயல் கெடும்.

இதெல்லாம் ரீமாஸ்டர். ரீமிக்ஸ் வேறு சங்கதி; மல்டிட்ராக்குக்கே திரும்பிப்போய் மறுபடி கலப்பது. 1967இல் வந்த பீட்டில்ஸின் ‘சார்ஜெண்ட் பெப்பர்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4 தடமும் நிறைந்ததும் அவற்றைச் சேர்த்து இன்னொரு டேப்புக்கு இறக்கி, காலியான தடங்களில் மேற்கொண்டு பதிவு செய்தார்கள். முதலில் பதிவானது அந்தச் சுற்றில் ஒரு தலைமுறை பின்னுக்குப் போயிற்று. 2017 பதிப்புக்காக ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓக்கெலும் இறக்குவதற்கு முந்தைய டேப்புகளை எடுத்து, ஒன்றோடொன்று நேரம் பொருத்திக் கலந்தார்கள். டிரம்ஸ் அத்தனை அருகில் கேட்பதற்கு அதுவே காரணம். 1971இல் கலங்கலாக வந்த ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’, 2011இல் ஸ்டீவன் வில்சன் கையில் திறந்துகொண்டதும் இப்படித்தான்.

கெடுத்த கதைகளும் உண்டு. இசட்.இசட். டாப் குழுவின் 70களின் ஆல்பங்கள் 1987இல் சி.டி.யாக வந்தபோது, டிரம்ஸுக்கு 80களின் எதிரொலியைப் பூசிவிட்டார்கள். ஆஸி ஆஸ்பர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களில், 2002 பதிப்புக்காக, பாஸையும் டிரம்ஸையும் வேறு ஆட்களை வைத்து வாசித்தே மாற்றினார்கள். 2011 பதிப்பில்தான் அசல் வாசிப்பு திரும்பி வந்தது.

இனி சத்தம். டிஜிட்டலுக்கு ஒரு கூரை உண்டு: பூஜ்யம் டெசிபல். அதற்கு மேல் எதுவும் போகாது. மொத்தச் சத்தத்தை ஏற்ற வேண்டுமானால் உயர்ந்து நிற்கும் டிரம் அடிகளை லிமிட்டரால் அமுக்கிவிட்டு மீதியைத் தூக்க வேண்டும். அமுக்கியது திரும்பாது. பழைய சி.டி.யில் சராசரிச் சத்தம் -16 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அருகே இருந்த ஆல்பம் ரீமாஸ்டரில் -9இல் வந்தால், அந்த 7 டெசிபலில் பெரும்பகுதி டிரம்மரிடம் பிடுங்கியது. ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ 1997இல் இகி பாப்பின் ரீமிக்ஸாக வந்தபோது உச்சமாகச் சிதைந்த சத்தத்தில் வந்தது. 2010இல் டேவிட் போவியின் பழைய மிக்ஸை மறுபடி வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் -14க்குக் கொண்டுவந்துவிடும். -9இல் செய்ததை அது 5 டெசிபல் இறக்கும். சத்தம் போய்விடும், நசுக்கல் தங்கிவிடும்.

இரைச்சல் நீக்கத்திலும் இதே பேராசை. டேப் இரைச்சலைத் துடைத்தால் சிம்பல் அடங்கும் வாலும், அறையின் காற்றும் கூடவே போகும். 2009 பீட்டில்ஸ் ரீமாஸ்டரில் மொத்தம் 525 நிமிட இசையில் 5 நிமிடத்துக்கும் குறைவாகவே இரைச்சல் நீக்கம் செய்தார்கள். மோனோ பெட்டியில் சத்தம் ஏற்றும் லிமிட்டரும் இல்லை. அளவு தெரிந்த வேலை அது.

இசைத்தட்டுப் பதிப்பு பற்றிச் சுருக்கமாக. ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் சத்தம் குறையும், தட்டின் இரைச்சல் தலைதூக்கும். 180 கிராம் எடை ஒலிக்கு உத்தரவாதம் இல்லை. சி.டி.க்காக நசுக்கிய கோப்பையே தட்டில் வெட்டியிருந்தால் பணம் வீண். முழுக்க அனலாக் என்று பலர் நம்பிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் தெரியவந்தது. அதுவரை அவற்றை மெச்சிய காதுகளும் பொய் சொல்லவில்லை. அந்தப் படி நல்ல டேப்பில் இருந்து கவனமாக எடுத்தது.

வீட்டில் சோதிப்பது எப்படி? பழைய சி.டி., புதுப் பதிப்பு இரண்டிலும் ஒரே பாட்டை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறங்கள். சராசரிச் சத்தத்தை 0.2 டெசிபலுக்குள் ஒன்றாக்குங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தமானதே ஜெயிக்கும். பின் ஸ்னேர் டிரம் அடியைக் கவனியுங்கள்: புதியதில் அது பின்னுக்குப் போயிருந்தால் லிமிட்டர். இடத்தையும் வலத்தையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாக்கிக் கேட்டால் சிம்பல் மங்குகிறதா? அசிமத்தைச் சந்தேகியுங்கள்.

கடைசியாக, இரண்டையும் ஒரு சாம்பிள்கூடப் பிசகாமல் நேரம் பொருத்தி, ஒன்றின் ஒலியலையை மேல்கீழாகத் திருப்பி (‘இன்வர்ட்’) சேர்த்து ஓட்டுங்கள். டேப்பைப் புதிதாக ஓட்டி எடுத்திருந்தால் வேகம் நூலிழை வேறுபடும். சில விநாடிகளில் பொருத்தம் கலைந்து பாட்டு முழுசாகக் கேட்கும். மாறாக, முதலில் இருந்து கடைசிவரை ஏறக்குறைய மௌனமாகி, டிரம் அடிகளில் மட்டும் ‘டப், டப்’ என்று மிச்சம் கேட்டால், டேப் அலமாரியை யாரும் திறக்கவே இல்லை. பழைய டிஜிட்டல் கோப்பின் மேல் லிமிட்டர் போட்டிருக்கிறார்கள். அந்த ‘டப், டப்’தான் அது வெட்டியெடுத்த பகுதி.