மோகனம் ஆடினால் தப்பா?

(மும்பை தாராவியில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'ராகத்துக்கு டிஸ்கோ தாளம்: இசைக்கு வளர்ச்சியா, வீழ்ச்சியா?' வளர்ச்சியே என்ற அணியில் பேசிய உரை.)

நடுவர் அவர்களுக்கும் தாராவிச் சொந்தங்களுக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1982-இல் இதே மும்பையில் சரண்ஜித் சிங் என்கிற இசைக்கலைஞர் பத்து ராகங்களை எடுத்து டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது அந்த இசைத்தட்டின் பெயர். அதைப் பற்றி அண்ணன் என்ன சொன்னார்? "அது ராகம் இல்லீங்க, ஜினி தோசை!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

சரி, ஜினி தோசைக்கே வருவோம்.

எங்கள் சந்து முனையில் ஒரு அண்ணாச்சி தோசைக்கல் போட்டிருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஆரம்பத்தில் காலையில் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு இட்லி விற்றவர். அவர் ஜினி தோசை சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மாவை ஊற்றி இழுப்பார். வெண்ணெயைப் போட்டு, முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயம், சிவப்பாக ஷேஸ்வான் சட்னி எல்லாவற்றையும் கல்லிலேயே மசித்துத் தடவுவார். மேலே சீஸ் துருவல். அப்புறம் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, தட்டில் நிமிர்த்தி வைப்பார். அண்ணன் சொன்ன கலப்படம் அதுதானே?

நான் அவரிடம் ஒரு நாள் கேட்டேன், "அண்ணாச்சி, இவ்வளவு சாமான் போடுறீங்களே, எது முக்கியம்?" கரண்டியை வைக்காமலே பதில் சொன்னார்: "மாவு புளிக்கலைன்னா சீஸ் என்னம்மா செய்யும்?"

அண்ணா, என் அணியின் வாதம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. உளுந்தும் அரிசியும் அளவாகப் போட்டு, ஆட்டி, ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்த மாவு அது. சீஸ் விழுந்ததால் அது தோசை இல்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கல்லில்தான் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தார்கள். ஆகவே ஜினி தோசையை இந்த மேடையில் வசைச்சொல்லாக நான் விடமாட்டேன்.

இப்போது சரண்ஜித் சிங்கின் மாவு புளித்த மாவா என்று பாருங்கள். ஆர்.டி. பர்மன், சங்கர்-ஜெய்கிஷன் போன்றவர்களின் இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்துப் பழகிய கை அது. அவரிடம் ரோலண்ட் என்கிற ஜப்பான் கம்பெனியின் மின்னணு இசைக்கருவிகள் மூன்று இருந்தன. தாளத்துக்கு டிஆர்-808. ராகத்தைக் கையால் வாசிக்க ஜூபிடர்-8 கீபோர்டு. மூன்றாவது டிபி-303 என்கிற சின்ன வெள்ளிநிறப் பெட்டி. தனியாக உட்கார்ந்து கிடார் பழகுகிறவனுக்குத் துணையாக பேஸ், அதாவது கீழ்ச்சுரம், வாசிக்கட்டும் என்று செய்தார்கள். விற்கவில்லை. 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு சுற்றுக்குப் பதினாறு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரம் பதிய வேண்டும். ராகத்தில் இல்லாத சுரத்தைப் பதிந்தால் உடனே காதில் குத்தும். அதில் ஸ்லைடு என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். வடக்கே அதை மீண்ட் என்பார்கள், நம் வித்வான்கள் ஜாரு என்பார்கள். சுரத்தை அசைத்து வாசிக்கிற முழு கமகம் அந்தப் பெட்டியில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜாரு வருகிறது! சிகாகோவில் ஃப்யூச்சர் என்கிற இசைக்குழு இதே பெட்டியின் குமிழைத் திருகித் திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது 1987-இல். அதற்கு ஆசிட் ஹவுஸ் என்று பெயர் வைத்து உலகமே ஆடியது. ஐந்து வருஷம் முன்னால், அந்தப் பெயரே தெரியாமல், மும்பையில் ஒருவர் அதில் பைரவ் வாசித்து முடித்திருந்தார். பைரவ் என்றால் என்ன? நம் பிள்ளைகள் முதல் நாள் சரளி வரிசை பாடுகிற மாயாமாளவகௌளை! அதே தட்டில் யமன் இருக்கிறது, நம் கல்யாணி. மால்கௌன்ஸ் இருக்கிறது, நம் ஹிந்தோளம். பூபாலி இருக்கிறது, நம் மோகனம்.

மோகனம் என்றதும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் பகலில் தோல் பட்டறையில் வேலை பார்த்தார், விசேஷ நாட்களில் தவில் வாசித்தார். சித்தப்பா நாதஸ்வரம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, விநாயகர் விசர்ஜன ஊர்வலம். நம் ஆட்கள் பிள்ளையாரை வண்டியில் ஏற்றி மாஹிம் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். டி ஜங்ஷனில் மழைத் தூறல். எதிர்ப்பக்கமிருந்து ஒரு மராட்டி மண்டலியின் பிள்ளையார் வருகிறார். முன்னால் பேஞ்ஜோ என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிற பேஞ்ஜோ பார்ட்டி: கைவண்டியில் ஜெனரேட்டர், குழாய் ஸ்பீக்கர், கழுத்தில் ட்ரம் மாட்டிய ஏழெட்டுப் பேர். அந்தச் சத்தத்தில் அப்பாவின் தவில் காணாமல் போனது. அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "இவனுங்க முன்னாடி என்னத்த வாசிக்க" என்று விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் கூடு கழன்றது. மோதிரவிரல் கூடு கழன்றது. நடுவிரலில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து பேஞ்ஜோ வாசித்த பையன், பதினெட்டு வயது இருக்கும், மெட்டை மாற்றினான். ச ரி க ப த. சித்தப்பா சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். "ஏலே, மோகனம்லா இது!"

கழற்றிய கூடுகள் என் கையில் இருந்தன. "ஏட்டி, கொண்டா கொண்டா" என்று பிடுங்கி மாட்டிக்கொண்டார். சித்தப்பா மேல் சட்ஜத்தில் போய் நின்றார். அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். ட்ரம்காரர்களுக்குக் கையைக் காட்டி அடக்கினான். அப்பா இறங்கினார் பாருங்கள்! பேஞ்ஜோ ஒரு வரி, நாதஸ்வரம் ஒரு வரி, நடுவில் தவில். மராட்டிப் பெண்கள் ஆடினார்கள், நம் ஆத்தாமார்கள் ஆடினார்கள், பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியால் தாளம் போட்டார். இரண்டு பிள்ளையாரும் நகராமல் மழையில் நின்றார்கள். வாசித்து முடித்ததும் அந்தப் பையன் அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு "பூப், காக்கா, பூப்" என்றான். மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா, பூப் என்றால் பூபாலி. அப்பா அவன் தலையில் கை வைத்து, "மோகனம்லே" என்றார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

அண்ணா, அன்றைக்கு அந்த ராகம் வீழ்ந்ததா? பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரனின் வயலினை வாங்கினோமே, அதனால் வீழ்ந்ததா? 1940-இல் ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு முப்பது வருஷம் வெளியே நிறுத்தியது. ராகத்துக்கு அதனால் என்ன லாபம் வந்தது?

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டையும் அன்றைக்கு யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2010-இல் எடோ பௌமன் என்கிற நெதர்லாந்துக்காரர் மறுபடி வெளியிட்டார். அதற்கப்புறம்தான் சரண்ஜித் சிங் எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவில் மேடை ஏறினார். 2015-இல் இதே ஊரில் காலமானார். இருபத்தெட்டு வருஷம் அவர் காத்திருந்ததை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நம் தெருவில் எத்தனை பேர் அப்படி ஒரு கை தட்டலுக்குக் காத்திருந்து போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு மூன்று வருஷம் முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது, கூடு மாட்டுகிற கை. பேச்சும் குழறும். தவிலை உறை போட்டுப் பரணில் வைத்துவிட்டோம். பார்த்தால் அழுவார் என்று கீழே இறக்குவதே இல்லை. போன தீபாவளிக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தட்டின் பூபாலியை என் போனில் வைத்தேன். முதலில் டக் டக் என்று மெஷின் அடித்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் சுரம் வந்தது. மெதுவாகத் தலை திரும்பியது. இடது கை எதையோ தேடியது, கம்பு பிடிக்கிற கை. கஞ்சிக் கிண்ணத்திலிருந்த கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். கட்டில் சட்டத்தில் தட்டினார். முதல் சுற்று தவறியது. இரண்டாவது சுற்றில் பிடித்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. உதடு கோணியபடியே "மோகனம்" என்றார். அப்புறம் போனைக் காட்டி, "இன்னொரு தடவை வை" என்றார்.

வைத்தேன்.

வணக்கம்.