நியூயார்க் சோஹோவில் ஒரு லாஃப்ட் என்ன விலை?

(திரையில்: ஒரு சமையலறை. மேலே சிமெண்ட் பலகை, அதன்மேல் பித்தளை அண்டா, பழைய சூட்கேஸ்.)

நம் வீட்டில் லாஃப்ட் என்றால் இதுதான். கொலு பொம்மைப் பெட்டியும், தூக்கிப்போட மனசு வராத சாமானும் ஏறி உட்காரும் பரண். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் இதே பெயருள்ள ஒன்றுக்கு 30 லட்சம் டாலர் கேட்கிறார்கள்.

(திரையில்: மான்ஹாட்டன், சோஹோ. வார்ப்பிரும்பு முகப்புள்ள பழைய கட்டடங்கள்.)

அங்கே லாஃப்ட் என்பது பழைய தொழிற்கூடத்தின் ஒரு முழு மாடி. 19-ஆம் நூற்றாண்டில் சரக்குக்கும் தையல் வேலைக்கும் கட்டியவை. 1960-களில் தொழில்கள் வெளியேற, காலி மாடிகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். சட்டப்படி அங்கே யாரும் வசிக்கக் கூடாது. 1967-ல் ஜார்ஜ் மசியூனஸ் என்ற கலைஞர், 80 வூஸ்டர் தெருவில் ஒரு கட்டடத்தையே கலைஞர்கள் கூட்டாக வாங்க ஏற்பாடு செய்தார். 1971-ல் நகரம் விதியைத் தளர்த்தியது. ஆனால், நகரத்திடம் சான்றிதழ் வாங்கிய கலைஞருக்கு மட்டும். அந்த ‘மட்டும்’ பிற்பாடு விலைக்குள் புகுந்துகொண்டது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

(திரையில்: நீளமான ஒரு மாடியின் வரைபடம்.)

முதலில் அளவு. சோஹோவில் பல மனைகள் 25 அடி அகலம், 100 அடி நீளம். புகைவண்டிப் பெட்டி மாதிரி. பக்கச் சுவர்கள் அடுத்த கட்டடத்தை ஒட்டியே நிற்கும். ஜன்னல் முன்னாலும் பின்னாலும்தான். சட்டப்படி படுக்கையறை என்று சொல்ல ஜன்னல் வேண்டும். அப்படியானால் நடுவில் இருக்கும் இருட்டான இடம்? குளியலறை, அலமாரி, சமையல். 2,500 சதுர அடி இருந்தாலும் சட்டம் ஒப்புக்கொள்ளும் படுக்கையறைகள் இரண்டு மூன்றைத் தாண்டுவது கஷ்டம். அதனால் மூன்று பக்கம் வெளிச்சம் வரும் மூலை மாடிக்கு, அதே பரப்பளவுக்கு, தனி மரியாதை.

அந்தச் சதுர அடிக் கணக்கையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இங்குள்ள லாஃப்ட்கள் நிறைய ‘கோ-ஆப்’ வகை. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. வாங்குபவருக்குக் கிடைப்பது வீட்டுப் பத்திரம் இல்லை. அந்தக் கம்பெனியின் பங்குகளும், இந்த மாடியில் குடியிருக்க ஒரு குத்தகையும். பங்கு எத்தனை என்று காகிதத்தில் இருக்கும். சதுர அடி எத்தனை என்று பெரும்பாலும் இருக்காது. புரோக்கர் அளந்து சொல்வதுதான். அவர் வெளிச்சுவரின் தடிமனையும் சேர்த்து அளந்தால் வீடு பெரிதாகிவிடும், ‘சதுர அடிக்கு இவ்வளவுதான் சார்’ என்ற விலை மலிவாகத் தெரியும். கழுத்தில் டேப்போடு நீங்களே ஒரு நடை நடந்துவிடுவது நல்லது.

(திரையில்: தரைத்தளத்தில் ஒரு துணிக்கடை.)

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வீட்டைப் பார்க்கப் போனால் மேலே மட்டும் பார்க்காதீர்கள், கீழே உள்ள கடையையும் பாருங்கள். அந்தக் கடை கோ-ஆப் கம்பெனிக்குச் சொந்தமா? அப்படியென்றால் அதன் வாடகை கட்டடச் செலவுக்குப் போகும், மேல்மாடிக்காரர்களின் மாதாந்திர மெயின்டெனன்ஸ் குறையும். மாதச் செலவு குறைந்தால் வீட்டின் விலை ஏறும். கடை காலியானால் கதை தலைகீழ். கட்டடத்தின் மேல் கம்பெனி வாங்கிய கடன் இருந்தால், அதுவும் உங்கள் பங்குக்கு ஒட்டிக்கொண்டு வரும்.

சரி, காசு இருக்கிறது, விலையும் பேசியாச்சு. வாங்கிவிடலாமா? கோ-ஆப் நிர்வாகக் குழு உங்களை நேரில் அழைத்து, வருமானக் கணக்கெல்லாம் பார்த்த பிறகு, காரணமே சொல்லாமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும். பெண் பார்க்கப் போனால்கூட ஒரு சாக்காவது சொல்வார்கள். விற்பவருக்கு இதனால் வாங்கும் ஆட்கள் குறைகிறார்கள். தனிப் பத்திரம் உள்ள ‘கான்டோ’ லாஃப்ட்களுக்குப் பொதுவாகக் கூடுதல் விலை கிடைக்க இதுவும் ஒரு காரணம்.

(திரையில்: ஒரு சான்றிதழ்.)

இப்போது அந்த ‘மட்டும்’. பல வருடங்களாகக் கலைஞர் அல்லாத வக்கீல்களும் வங்கிக்காரர்களும் இங்கே குடியிருக்கிறார்கள். நகரம் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மறுவிற்பனை என்று வந்தால் வாங்குபவரின் வக்கீல் அந்த விதியைப் படிப்பார், பேரத்தில் விலை அங்கேயே இறங்கும். 2021 டிசம்பரில் நகரம் புதிய விதி கொண்டுவந்தது. கலைஞருக்கு மட்டும் என்று இருந்த வீட்டைச் சாதாரண வீடாக மாற்றலாம், ஆனால் சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது அந்த விதி. 2,000 சதுர அடிக்கு 2 லட்சம் டாலர்! வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனதில் ஆச்சரியம் என்ன?

வரியையும் பார்த்துவிடுவோம். விலை 10 லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குபவர் ‘மாளிகை வரி’ கட்ட வேண்டும். ஆரம்பம் 1 சதவீதம், அதுவும் முழு விலைக்கும். விலை ஏற ஏற சதவீதமும் ஏறும். 30 லட்சத்தில் அது 1.25-லிருந்து 1.5 சதவீதமாகத் தாவும். அதே 30 லட்சத்தில், விற்பவர் கட்டும் மாநில வரியும் 0.4-லிருந்து 0.65 ஆகும். 29,99,000 என்று விலை எழுதினால் இரண்டு பேருக்கும் ஆளுக்குச் சுமார் 7,500 டாலர் மிச்சம். செருப்புக் கடை விலை மாதிரி 999 என்று முடிவதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

(திரையில்: பழைய மாடியில் ஒரு குளியல் தொட்டி.)

கடைசியாக ஒரு விநோதம். 1982-ல் வந்த லாஃப்ட் சட்டம், தொழிற்கூட மாடிகளில் குடியிருந்த வாடகைக்காரர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. தண்ணீர்க் குழாய்கூடச் சரியாக இல்லாத இடத்தில் குளியலறை, சமையலறை, தரை எல்லாம் சொந்தச் செலவில் போட்டவர்கள் அவர்கள். அதனால் காலி செய்யும்போது, தாங்கள் செய்த அந்த வேலைகளை அடுத்து வரும் வாடகைக்காரருக்கு விற்கலாம். கட்டட உரிமையாளர் நியாயமான சந்தை விலை கொடுத்துத் தானே வாங்கிக்கொள்ளலாம். முதல் வாய்ப்பு அவருக்குத்தான். வீடு வாடகைக்காரருடையது இல்லை. குளியல் தொட்டி அவருடையது.