சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்து

நேயர்களுக்கு வணக்கம். நகரம் வளர வளரத் தெருக்களுக்கு என்ன ஆகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். வானொலியில் வரைபடம் காட்ட முடியாதே! அதனால் ஒரு பந்தை வைத்துச் சொல்கிறேன்.

நகரத்தின் ஓரத்தில் புதிதாக முளைத்த குடியிருப்பில் ஒரு நண்பர் வீடு. போயிருந்த அன்று, அவர் பேரன் அடித்த பந்து பின்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் விழுந்துவிட்டது. "தாத்தா, வாங்க, எடுத்துட்டு வரலாம்" என்றான். சரி, இரண்டு நிமிட வேலைதானே என்று செருப்பை மாட்டினேன். தெருமுனை, அப்புறம் பெரிய சாலை, அதில் லாரிகளை ஒட்டியே நெடுந்தூரம், பக்கத்துக் குடியிருப்பின் வாசல், உள்ளே இரண்டு வளைவு. போய்ச் சேர 25 நிமிடம்! பந்து பறந்தது 40 அடிகூட இருக்காது. திரும்பி வருவதற்குள் பையனுக்கு விளையாட்டு ஆசையே போய்விட்டது.

நாற்சந்தி, முச்சந்தி, முட்டுச்சந்து. தெருக்கணக்கு முக்கால்வாசி இந்த மூன்று சொல்லில் அடங்கிவிடும். நாற்சந்தியில் வந்த வழி போக இன்னும் மூன்று வழி, முச்சந்தியில் இரண்டு, முட்டுச்சந்தில் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். நகரம் பரவும்போது, மனை போடுகிற ஒவ்வொருவரும் தன் நிலத்தைப் பெரிய சாலையோடு மட்டும் இணைத்துவிட்டு, பக்கத்து நிலத்துக்குச் சுவர் எழுப்புகிறார். முட்டுச்சந்து பெருகுகிறது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை அப்படி மாற்ற முடிகிறதா? 1811-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குப் போட்ட கட்டம்கட்டமான தெருக்களில்தான் இன்றும் நடக்கிறார்கள்.

முட்டுச்சந்தை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். 1929-இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டியவர்கள், குழந்தைகள் காரில் அடிபடக் கூடாது என்று வேண்டுமென்றே முட்டுச்சந்துகளை வைத்தார்கள். ஆனால் வீடுகளுக்கு மறுபுறம் நடைபாதையும் பூங்காவும் போட்டு எல்லாவற்றையும் இணைத்தார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், நடைபாதையை விட்டுவிட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், நடைபாதையை விட்டுவிட்டார்கள்! அந்தப் பாதை இருந்திருந்தால் எங்கள் பந்து இரண்டு நிமிடத்தில் வந்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடிந்ததாம். அமெரிக்காவில் புதுத் தெருக்களின் இணைப்பு 1990-களின் நடுவிலிருந்து கொஞ்சம் தேறிவந்த கதையைச் சொல்ல நினைத்திருந்தேன். முட்டுச்சந்தின் கடைச்சுவரில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.