டக் என்று ஒரு சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு நீச்சல் குளங்களைச் சுற்றி வலை வேலி போடுவதும் அதைப் பழுது பார்ப்பதும்தான் 18 ஆண்டுகளாக என் தொழில். சிங்கப்பூரில் புக்கிட் தீமா, செரங்கூன் கார்டன்ஸ், சிக்லாப், காத்தோங் என்று தரைவீடுகள் இருக்கிற பக்கமெல்லாம் என் வேன் போகும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருப்பீர்கள். நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் அந்தத் தரைவீடுகளில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா பாட்டி, வேலை செய்கிற பணிப்பெண், புல் வெட்ட வருகிற தம்பி, தீபாவளிக்குப் பிள்ளைகளோடு விருந்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் வானொலி நிலையத்தார் கூப்பிட்டதும் ஒத்துக்கொண்டேன்.

வேலி எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளத்தைச் சுற்றித் தரையில் வரிசையாகத் துளை போட்டிருப்போம். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு குழாய் இறங்கியிருக்கும், அதை ஸ்லீவ் என்போம். அதில் அலுமினியக் கம்பத்தின் அடிமுனை போய் நிற்கும். கம்பத்துக்குக் கம்பம் இறுக்கி இழுத்த கறுப்பு வலை. பாலியெஸ்டர் நூலுக்கு மேல் பிவிசி பூசி நெய்த வலை அது. உயரம் குறைந்தது 1.2 மீட்டர். பெரியவர்கள் நீந்தும்போதோ விருந்து வைக்கும்போதோ கழற்றிச் சுருட்டி வைக்கலாம், முடிந்ததும் திரும்பப் போடலாம்.

இந்த வேலியின் வசதியும் கழற்றுவதுதான், ஆபத்தும் கழற்றுவதுதான். நான் பார்த்தவரை, அறுந்து கிழிந்துபோன வேலிகளைவிட ஸ்டோர் ரூமில் சுருட்டிக் கிடக்கிற வேலிகளே அதிகம். ஏன் போடவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். “போட ரொம்பக் கஷ்டமா இருக்கு அண்ணே.” அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கம்பம் துளைக்குள் இறங்காது, வலை ஒரு சாண் எட்டாது, கொக்கி மாட்டாது. அரை மணி நேரம் வெயிலில் போராடிவிட்டு, சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று உள்ளே போய்விடுவார்கள். வேலியைப் பராமரிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்: யார் வேண்டுமானாலும் சிரமமில்லாமல் திரும்பப் போடும்படி அதை வைத்திருப்பது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். சின்னப் பிள்ளை மூழ்கும்போது பெரும்பாலும் கத்தாது, கையால் தண்ணீரை அடிக்காது. அடுப்படியில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. அதனால்தான் நான்கு பக்கமும் வேலி வேண்டும் என்கிறோம். மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் வீடு என்று விட்டுவிட்டால், வரவேற்பறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிய பிள்ளை நேரே தண்ணீருக்குத்தான் போகும். அப்படி விடுவதோடு ஒப்பிட்டால், குளத்தை மட்டும் தனியாகச் சுற்றி வளைத்த நாலு பக்க வேலி பிள்ளைகள் மூழ்கும் ஆபத்தை 83 விழுக்காடு குறைக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

இப்போது அந்த ஸ்லீவுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த, யாரும் கவனிக்காத இடம் அது.

கம்பத்தை எடுத்ததும் துளைக்கு ஒரு மூடி போட வேண்டும். மூடி தொலைந்துவிட்டால் என்ன ஆகும்? நம் ஊரில் மழைக்குக் கேட்கவா வேண்டும். மண், குளத்துத் தண்ணீரின் சுண்ணாம்பு, சம்பங்கி மரத்து இதழ், எறும்புக்கூடு எல்லாம் சேர்ந்து அடியில் களிமண்போல் இறுகிவிடும். கம்பம் முழு ஆழம் இறங்காது. ஒரு விரற்கடை மேலே நின்றாலும் வலையின் அடி விளிம்பு அந்த அளவுக்குத் தூக்கும். தரைக்கும் வலைக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடவே கூடாது. அதைவிடக் குறைவாக வைப்பதுதான் என் வழக்கம்.

சுத்தம் செய்வது எளிது. தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் இருந்தால், குழாய் முனையைத் துளை மேல் வைத்து இழுங்கள். இல்லையென்றால் பழைய பல் துலக்கும் பிரஷும் வளைத்த கம்பியும் போதும். கிளறி, தண்ணீர் ஊற்றி, பஞ்சுத்துணியால் ஒற்றி எடுங்கள். மாதம் ஒரு முறை கம்பத்தைக் கழற்றி இதைச் செய்தால் கம்பம் ஒட்டிக்கொள்ளாது.

ஒட்டிக்கொண்டுவிட்டால் தயவுசெய்து சுத்தியல் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் ஆட்டவும் வேண்டாம். துளையைச் சுற்றியுள்ள கல் விரிந்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் கம்பம் நிற்கவே நிற்காது. அடியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு கம்பத்தைக் கைப்பிடியில் பிடித்து, இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே நேர் மேலே இழுங்கள். சுண்ணாம்பு பிடித்திருந்தால் சமையலறை வினிகர் கரைக்கும், ஆனால் தரை பளிங்குக் கல் என்றால் வினிகர் அதை அரித்துவிடும், கவனம்.

வலைக்கு வருவோம். வலையைக் கெடுப்பது வெயில் பாதி, புல் வெட்டும் இயந்திரம் பாதி. சுழலும் அந்த நைலான் கயிறு வலையின் அடி ஓரத்தைத் தொட்டால் போதும், கரைத் தையல் பிரிந்துவிடும். புல் வெட்டுகிற தம்பிகளே, வேலி ஓரத்தில் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பார்பெக்யூ நெருப்புப் பொறி, நாய் நகம் இரண்டும் அடுத்த எதிரிகள்.

சின்னக் கிழிசலை, வெயிலுக்குத் தாங்கும் பாலியெஸ்டர் நூலால், அதே வலையின் துண்டை வைத்து இரண்டு பக்கமும் தைத்துவிடலாம். பிள்ளையின் கால்விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால் அது ஏணிப்படி. அந்தப் பகுதியின் வலையை மாற்றுவதுதான் வழி, முழு வேலியையும் மாற்ற வேண்டியதில்லை. கம்பத்தில் வலையைப் பிடித்திருக்கும் பட்டையின் திருகாணிகளைக் கழற்றி, புது வலையை இழுத்துப் பிடித்துத் திரும்ப முடுக்க வேண்டும். வெள்ளை நைலான் கட்டு வார் (கேபிள் டை) போட்டு இழுத்துக் கட்டுகிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நம் வெயிலில் சீக்கிரமே நொறுங்கிவிடும். சரிசெய்தாயிற்று என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், அதுதான் இன்னும் மோசம்.

கழுவ, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து, அடுத்த முறை தொடவே மனம் வராது. ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் எண் எழுதி, அது தொடங்கும் துளையின் மூடியிலும் அதே எண்ணை எழுதி வையுங்கள். பாதிப் போராட்டம் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் ஸ்பிரிங் கொக்கி இருக்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளிலும் உப்பு நீர்க் குளங்களிலும் முதலில் துருப்பிடிப்பது அதுதான். மாற்றும்போது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்குங்கள். 304 விலை குறைவு, ஆனால் உப்புக்கு அவ்வளவாகத் தாங்காது.

கடைசியாகக் கதவு. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளிநோக்கித் திறக்க வேண்டும். விட்டால் தானே மூட வேண்டும், தானே தாழ் விழ வேண்டும். அகலத் திறந்துவிட்டுப் பார்த்தால் போதாது, வேகத்தில் எந்தக் கதவும் மூடிவிடும். ஒரு சாண் மட்டும் திறந்து கையை எடுங்கள். மெதுவாக வந்து தாழ் விழுகிறதா பாருங்கள். விழாவிட்டால் கீலின் ஸ்பிரிங்கை ஒவ்வொரு படியாக முடுக்குங்கள். அப்படியும் விழாவிட்டால் கதவு தொங்கியிருக்கும், தாழ் நேருக்கு நேர் உட்காராது. அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள். காந்தத் தாழ் என்றால் காந்தத்தில் ஒட்டிய துருத்தூளை ஈரத்துணியால் துடையுங்கள். கதவுக்குப் பூந்தொட்டியை முட்டுக் கொடுப்பதும் கயிற்றால் கட்டி வைப்பதும், வேலியே இல்லாததற்குச் சமம். வேலிக்கு வெளியே நாற்காலி, பொம்மைக் கார், ஐஸ் பெட்டி எதையும் 90 சென்டிமீட்டருக்குள் வைக்காதீர்கள்.

வேலி இருந்தாலும் ஒரு பெரியவரின் கண் பிள்ளை மேல் இருக்க வேண்டும், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியை வீட்டில் ஒருவராவது கற்றிருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் எண் 995 எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் குளியலறை வாளித் தண்ணீரும் இதே ஆபத்துதான். ராத்திரி கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தீபாவளி விருந்துக்குக் கழற்றிய வேலி மூன்று வாரமாக ஸ்டோரில். நாலு கம்பங்கள் இறங்கவில்லையாம். ஒரு நாள் காலை, இரண்டு வயதுப் பேரன் குளத்தின் இரண்டாம் படியில் நிற்பதைப் பாட்டி பார்த்து ஓடிப் பிடித்திருக்கிறார். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்திருந்தது. அன்று மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

நாலு துளைகளையும் தோண்டி எடுத்தேன். ஒன்றிலிருந்து விருந்து நாளின் பாட்டில் மூடி ஒன்று வந்தது. எண் எழுதினேன், கீலை முடுக்கினேன். பிறகு, “அம்மா, நான் தொட மாட்டேன், நீங்களே போடுங்கள்” என்றேன். எழுபது வயதுக்காரர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாக இறக்கினார். கொக்கி மாட்டினார். என் கைக்கடிகாரத்தில் 14 நிமிடம் ஆகியிருந்தது. கடைசியில் கதவை ஒரு சாண் திறந்து, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

டக் என்று மூடியது. பேரன் கை தட்டினான். பாட்டி இன்னொரு முறை திறந்துவிட்டுப் பார்த்தார்.

நன்றி, வணக்கம்.