சொந்தமாக ஒரு பத்து வினாடி

(திரையில்: ஒரு பம்புசெட் லோகோ சுழன்று வந்து நிற்கிறது)

கோயம்புத்தூரில் மோஷன் டிசைன், அதாவது லோகோவையும் எழுத்தையும் திரையில் அசையவைக்கும் வேலை, பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. பம்புசெட், கிரைண்டர், திருப்பூர் பனியன், நகைக்கடைத் தள்ளுபடி. சோறு போடுகிற வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிறமும் கம்பெனி சொன்னது, வேகமும் கம்பெனி சொன்னது. உங்கள் கண் எதைக் கவனிக்கும் என்பது அதில் தெரியாது. அது தெரியத்தான் சொந்தமாக ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும்.

பத்து வினாடி போதும். வினாடிக்கு 24 பிரேம் என்றால் 240. கையால் வரைந்து, ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 120 படம். ஆபீஸ் வேலைக்கு நடுவில் இதற்குமேல் ஆசைப்பட்டால் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

லூப் என்றால் வேலை இன்னும் குறையும். சோமனூர்ப் பக்கம் ஓடும் விசைத்தறியை எடுத்துக்கொள்வோம்.

(திரையில்: நாடா இடமும் வலமுமாக ஓடுகிறது)

நாடா என்பது ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை. அது போக 12 பிரேம், வர 12 பிரேம். ஒரு வினாடியில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். அதையே பத்து முறை ஓடவிடலாம்.

இனிதான் உண்மையான வேலை. கிளம்பும் இடம், சேரும் இடம் என்று இரண்டு கீபிரேம் வைத்து, பழக்கத்தில் ஈசி ஈஸ் போட்டால் நாடா பஞ்சு மாதிரி மிதக்கும். ஈசி ஈஸ் மெதுவாகக் கிளப்பி மெதுவாக நிறுத்தும். தறியிலோ நாடா அடி வாங்கிக் கிளம்புகிறது, எடுத்த எடுப்பிலேயே முழு வேகம். அதனால் வேகத்தைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, கிளம்பும் இடத்தில் கோட்டைச் செங்குத்தாக ஏற்றுங்கள். அந்த 12-இல் முதல் ஆறு பிரேமிலேயே மறுபக்கம் சேரட்டும். மோதியதும் ஒரு பிரேம் லேசாகப் பின்வாங்கட்டும். மிச்சப் பிரேம்களில் அசையவே வேண்டாம். மரத்தில் செய்து முனையில் இரும்பு வைத்த பொருள் அது. அதன் கனம் அந்த நிற்றலில்தான் தெரியும்.

சத்தத்தை இணையத்தில் தேடாதீர்கள். தறி ஓடும் இடத்துக்கே போய், “ஏனுங்ணா, சத்தத்தைக் கொஞ்சம் போன்ல எடுத்துக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு ‘டக்’கை வெட்டியெடுத்து, மோதும் பிரேமில் வையுங்கள்.

இவ்வளவு சின்னதால் என்ன ஆகும்? லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பாலோடிஸ் 2012-இல் ‘அக்வா’ என்று ஒரு குறும்படம் செய்தார். தண்ணீருக்குப் பயப்படும் பூனையின் கதை. 2019-இல் ‘அவே’ என்ற முழுநீளப் படத்தைத் தனியாளாக முடித்தார். அப்புறம் அந்தப் பூனையும் தண்ணீரும் திரும்ப வந்தது ‘ஃப்ளோ’வில். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவான அந்தப் படம், 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. அதற்கான யோசனை அந்தக் குறும்படத்திலேயே இருந்தது.

ஒன்றில் மட்டும் கவனம்: கம்பெனிக்காகச் செய்த லோகோ, கோப்பு எதையும் இதில் சேர்க்காதீர்கள், அது அவர்கள் சொத்து. முடிந்ததும், உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீலில் இதை முதலில் வையுங்கள். தறிக்கார அண்ணனுக்கும் அனுப்புங்கள். நாடா ஓடுகிற ஓட்டம் சரியா, தப்பா என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.