"ரூம் இல்லைங்க" என்று யாரிடம் சொல்ல முடியும்?

நடுவர் அவர்களே, ஹோம்ஸ்டே, அதாவது குடியிருக்கிற வீட்டிலேயே சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு அறை விடுவது, வீட்டுப் பெண்களுக்குச் சுமையா, இல்லையா என்ற இந்தப் பட்டிமன்றத்தில் எதிரணியில் பேசிய அண்ணன் ரொம்ப உருக்கமாகப் பேசினார். ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டியதிலிருந்து நம்ம கேரள மலைக்கிராமமான காந்தலூரில் பெண்களுக்கு ஓய்வே இல்லையாம், விருந்தோம்பலைக் காசுக்கு விற்கிறோமாம். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஒன்றே ஒன்று கேட்கிறேன் அண்ணே, போர்டு மாட்டுவதற்கு முன்னால் அண்ணி ஓய்வாகவா இருந்தாங்க?

2018 ஞாபகம் இருக்கா? 2006-க்கு அப்புறம் குறிஞ்சி பூத்த வருஷம். உடுமலை, பழனி, பொள்ளாச்சி என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் சின்னார் வழியாக மலையேறி வந்தது. எங்கள் வீட்டில் ஒரே ராத்திரி பதினாலு பேர், கூடத்தில் கால் வைக்க இடமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வெந்நீர் போட ஆரம்பித்த நான் மதியம் வரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, பூவையும் பார்க்கவில்லை. (அடுத்தது 2030-ல் தான்.) "அத்தை கைமணமே தனி" என்று ஏப்பம் விட்டுவிட்டு, போகும்போது ரெண்டு கிலோ பூண்டும் ஒரு பை மறையூர் வெல்ல உருண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பெயர் விருந்தோம்பல். இப்போது அதே அடுப்பு, அதே பூண்டுக் குழம்பு, கையில் காசு வருகிறது, இதற்குப் பெயர் சுமையா?

சட்டதிட்டத்தையும் பாருங்கள். கேரளாவில் ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர்கள் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் விடக் கூடாது. அப்புறம்தான் டைமண்ட், கோல்டு, சில்வர் என்ற தரமெல்லாம். அதாவது வீட்டில் இருக்கிற ஆளை நம்பித்தான் இந்தத் தொழிலே. லாட்ஜ் நடத்த ஒரு மேனேஜர் போதும், இதற்கு வீட்டுக்காரி வேண்டும். 2023-ல் மத்திய சுற்றுலாத் துறை சிறந்த சுற்றுலா கிராமம் என்று காந்தலூருக்குத் தங்க விருது கொடுத்ததே, ஆப்பிளைப் பார்த்து மட்டுமா கொடுத்தார்கள்? வந்தவர்களுக்குப் பொங்கிப் போட்டது யார்?

சரி, அண்ணன் சொன்னதில் ஒன்று நிஜம், நான் மறுக்கவில்லை. விருந்தாளிகள் பணம் போடுகிற க்யூஆர் அட்டை கணவர் பேரில் இருக்கிற வீட்டில் மனைவிக்கு இது சுமைதான். குளிரில் வெந்நீர் வாளி தூக்குவது அவள், "டிங்" என்று சத்தம் கேட்பது அவர் சட்டைப்பையில். அதற்காக போர்டைக் கழற்றுவதா, அக்கவுண்டை அவள் பேருக்கு மாற்றுவதா?

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. போன மார்ச்சில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. எர்ணாகுளத்திலிருந்து ஒரு பையன் போன் பண்ணி, "சேச்சி, ரெண்டு ரூம் வேணும்" என்றான். "இந்த மாசம் ரூம் இல்லை மோனே, பிள்ளைக்குப் பரீட்சை" என்றேன். அவ்வளவுதான், "சரி சேச்சி, ஏப்ரலில் வர்றேன்" என்று வைத்துவிட்டான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "இல்லை" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, சொன்ன பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் சனிக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அவரிடம் என்ன சொல்ல முடியும் நடுவர் அவர்களே? காப்பி வைத்தேன்.